பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று

இருபத்திரண்டு வருடமாக லண்டன் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறேன். எட்டில் ஒன்று பெரிதா, பன்னிரண்டில் ஒன்று பெரிதா என்று கேட்டால் யோசிக்காமல் பன்னிரண்டு என்று கத்தும் பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்று இருக்கும். அந்தப் பிள்ளையைப் பார்த்து நான் விடுகிற பெருமூச்சு பள்ளிக்கூடத்தில் பிரசித்தம். அப்படிப்பட்ட நான் ஒரு துப்பாக்கிக் கடையில் நின்று, பன்னிரண்டு என்ற எண்ணைப் பார்த்து அகமகிழ்ந்து போனேன். நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

கணக்கு வாத்தியாருக்கு எதற்குத் துப்பாக்கி என்று கேட்பீர்கள். என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, எசெக்ஸில் குத்தகைக்கு எடுத்த காணியில் நாட்டுக்கோழி வளர்த்து ஈஸ்ட் ஹாம் கடைகளுக்குக் கொடுக்கிறான். அதற்கு முன் நடத்திய பெற்றோல் ஷெட்டும் படுத்துவிட்டது, சாப்பாட்டுக் கடையும் படுத்துவிட்டது. இதுவும் படுத்தால் எட்மண்டனில் குடியிருக்கும் வீட்டை விற்றுவிட வேண்டியதுதான். நூற்றிருபது கோழி வைத்திருந்தான். நரி பிடிக்கத் தொடங்கியது. வேலியை உயர்த்தினான், கரண்ட் கம்பி இழுத்தான், நரி அசையவில்லை. நானோ பல வருடமாக ஒரு ரைபிள் கிளப்பில் ஞாயிறுதோறும் கடதாசியைச் சுட்டுக்கொண்டிருந்தவன். ஆகவே குடும்பத்தில் நான்தான் வேட்டைக்காரன் என்று முடிவாகிவிட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மனைவி ஒத்துக்கொண்டதுதான் பெரிய விஷயம். யாழ்ப்பாணத்தில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வளர்ந்தவள் அவள். கிளப்புத் துப்பாக்கி கிளப்பிலேயே இருக்க வேண்டும், அதன் வாசனைகூட வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். உரிமத்துக்காகப் பொலிஸ் அதிகாரி எங்கள் ரெய்னர்ஸ் லேன் வீட்டுக்கு வந்து, சுவரில் பூட்டிய இரும்பு அலுமாரியை ஆட்டிப் பார்த்துவிட்டு, அவளிடமும் சம்மதமா என்று கேட்டார். “என் தம்பிக்காக” என்று மட்டும் சொன்னாள்.

உரிமம் வந்த சனிக்கிழமையே கடைக்குப் போனேன். நரி, முயல் போன்றவற்றைச் சுடும் ரைபிள்கள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே கம்பனி, ஒரே அளவுக் குழல். ஒன்று முழு விலை. அதன் அட்டையில் 1:8 என்று இருந்தது. மற்றது கழிவு போட்ட குறைந்த விலை. அதன் அட்டையில் 1:12. அது என்னவென்று எனக்குத் தெரியாது. கிளப்பில் தரும் துப்பாக்கியைத் தரும் குண்டோடு சுட்டுப் பழகியவனுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. மச்சானுக்கு போன் எடுத்தேன். அதுதான் முதல் பிழை.

“அத்தான், பன்னிரண்டு எட்டை விடக் கூடத்தானே? விலையும் குறைவு. என்னத்துக்கு யோசிக்கிறியள்? எடுங்கோ.”

கடைக்காரர் வெள்ளைக்காரர், சாந்தமான மனிதர். “இதன் முறுக்கைப் பற்றித் தெரியும்தானே?” என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் நான் வாத்தியார் அல்லவா? தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. தலையை ஆட்டினேன்.

அடுத்தது குண்டு. எங்கள் ஆட்கள் சாமான் வாங்கும்போது முதலில் கையில் தூக்கிப் பார்ப்பார்கள். சட்டி என்றாலும் சங்கிலி என்றாலும் பாரம் இருந்தால்தான் நல்ல சாமான். “பாரமானதாப் பாத்து எடுங்கோ, லேசானது எங்களுக்குச் சரிவராது” என்று மச்சான் போனில் கத்தினான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. குண்டின் எடையை கிரெயின் என்ற அளவில் சொல்கிறார்கள். ஐம்பது கிரெயின் பெட்டியை ஒதுக்கிவிட்டு எழுபத்தேழு கிரெயினைக் காட்டினேன். “எழுபத்தேழா?” என்று கடைக்காரர் புருவத்தை உயர்த்தினார். மனிதர் என்னை மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கிளப்பில் நூறு கஜ தூரத்தில் ஐந்து குண்டு சுட்டேன். இரண்டு கடதாசியிலேயே படவில்லை. மற்ற மூன்றும் ஆளுக்கொரு மூலையில். அதைவிட மோசம், ஓட்டைகள் வட்டமாக இல்லை. தபால்பெட்டி வாய் மாதிரி நீளமாகக் கிழிந்திருந்தன. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர் ஒரு பெண், பஸ் ஓட்டுநர். அவர் என் கடதாசியை எட்டிப் பார்த்து, “உங்கள் குண்டு பக்கவாட்டாகத் திரும்பிப் போய்ப் படுகிறது. என்ன எடை? குழலின் முறுக்கு என்ன?” என்று கேட்டார்.

“துப்பாக்கியின் தொலைநோக்கி கொஞ்சம் அசைகிறது” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லியிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும்.

சொன்ன பொய்யை நானே நம்பத் தொடங்கியதுதான் அடுத்த கூத்து. தொலைநோக்கியின் பிடிகளை மாற்றினேன். குழலைத் துடைத்தேன். அடுத்த ஞாயிறும் அதே கிழிசல். இதற்கிடையில் மச்சான் தினமும் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் நேரம் பார்த்து போன் எடுப்பான். “அத்தான், இண்டைக்கு ஆறு.” “அத்தான், இண்டைக்கு ஒம்பது, சாவலும் போட்டுது.” தொலைநோக்கி சரிவரட்டும், வருகிறேன் என்பேன். அவன் அழுகிறானா, என்னைக் குத்திக் காட்டுகிறானா என்று விளங்காது. எனக்குக் கோபம்தான் வரும். பன்னிரண்டு கூட என்று சொன்னவன் அவன்தானே என்று மனதுக்குள் திட்டுவேன். மனைவி ஏனோ என்னை ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மூன்றாம் கிழமை, மனைவி ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், கணினியில் ஒருவழியாகப் படித்தேன். குழலுக்குள் திருகுபோல வரிகள் ஓடுகின்றன. குண்டு அதைப் பற்றிக்கொண்டு சுழன்று வெளியே வருகிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப் போல, சுழலும் குண்டு நேராகப் போகிறது. அதுதான் முறுக்கு. 1:12 என்றால் பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று. 1:8 என்றால் எட்டு அங்குலத்துக்குள்ளேயே ஒரு சுற்று. எண் கூடினால் சுழற்சி குறைவு. பாரமான குண்டு நீளமானது. அதற்கு வேகமான சுழற்சி வேண்டும். இல்லாவிட்டால் நடுவழியில் குட்டிக்கரணம் அடிக்கும்.

அப்போதும் நம்ப மனமில்லை. துடைக்கும் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி, பிடிப் பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டி, குழலுக்குள் மெல்லத் தள்ளினேன். டேப் ஒரு முழுச் சுற்று சுற்றி மேலே வந்ததும் கம்பி எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று என் பள்ளிக்கூட அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். அடிமட்டம் முழுவதும், சரியாகப் பன்னிரண்டு அங்குலம். யாரும் இல்லாத வீட்டில் எனக்கு வெட்கமாகிவிட்டது.

துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. நான் ஒதுக்கிவிட்ட லேசான குண்டுதான் அதற்கு ஏற்றது. அதை வாங்கப் போனபோது, “ஏன் எனக்கு அன்றைக்கே சொல்லவில்லை?” என்று கடைக்காரரிடம் கொஞ்சம் சூடாகவே கேட்டேன். “தெரியும் என்று தலையாட்டினீர்களே” என்றார். ஞாயிறன்று ஐந்து ஓட்டையும் ஒரு ரெண்டு பவுண் காசுக்குள் அடங்கின. எல்லாம் வட்டம்.

கிளப்பிலிருந்து நேரே எசெக்ஸுக்குப் போனேன். மே மாதம், பின்னேரம் ஐந்து மணிக்கு நல்ல வெயில். பின்னால் மண்மேடு இருக்கும் இடமாகப் பார்த்துப் படுத்தேன். முக்கால் மணித்தியாலத்தில் நரி பகிரங்கமாக, தன் வீட்டுக்கு வருவதைப் போல வந்தது. ஒரே வெடி.

மச்சான் நரியைப் பார்க்க வரவில்லை. கோழிக்கூட்டைத் திறந்து காட்டினான். பத்தொன்பது நின்றன.

நான் இரண்டாம் தரம் எண்ணிக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. அவன் அக்கா, என் மனைவி. கையில் தீன் வாளி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

“சுட்டாச்சோ?”

“ஓம் அக்கா, அத்தான் ஒரே வெடியில விழுத்திப்போட்டார்.”

“பாத்தியா? அந்த மனுசன் மூண்டு கிழமையா ரெடியா இருந்தவர். நீதானே வேலி அடிச்சு முடியட்டும், இப்ப வரவேண்டாம் எண்டு மறிச்சனீ. அண்டைக்கே விட்டிருந்தா இவ்வளவு கோழி போயிருக்குமே? வீட்டை விக்கிற நிலைக்கு வந்து நிக்கிறாய். எப்பதான் உனக்குப் புத்தி வரும்?”

மச்சான் என் பக்கம் திரும்பவில்லை. தீனை அள்ளிப் போட்டுக்கொண்டே, “ஓம் அக்கா, என்ர பிழைதான்” என்றான்.

அவன் ஒருநாளும் என்னை மறித்ததில்லை. அவள் மூன்று கிழமையாக ஏன் என்னை ஒன்றும் கேட்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. போன் திறந்துதான் இருந்தது. நான் சொன்னால் அவளுக்குக் கேட்கும். நான் துப்பாக்கியை உறைக்குள் வைத்து, அதன் ஜிப்பை மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தேன்.