மூன்று முறை திரும்பி வந்த வண்டி

பட்டறையில் அவனுக்குப் பல்லி என்று பேர். காரின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, காலைக் கதவுக்கு வெளியே நீட்டி மல்லாந்து கிடப்பான். யோசனை ஓடினால் நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'ச்சு ச்சு' என்பான். பக்கத்தில் பெயிண்ட் அடிப்பவர் வேலையை நிறுத்திவிட்டு, "பல்லி சொல்லிடுச்சுப்பா, இன்னும் பத்து நிமிஷத்துல வண்டி கிளம்பும்" என்பார். பெரும்பாலும் கிளம்பிவிடும்.

வயது நாற்பத்திரண்டு. ஓரிடத்தில் உட்கார்ந்து அவனை யாரும் பார்த்ததில்லை. சாப்பாட்டை நின்றபடியே முடிப்பான். போனில் பேசினால் வாசலுக்கும் பின்சுவருக்கும் நடந்து தரையைத் தேய்ப்பான். தூக்கத்தில்கூட ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும் என்று அவன் மனைவி சொல்வாள். வண்டிக்கு அடியில் ஒயர்களைப் பார்த்துக் கிடக்கும் நேரத்தில்தான் அந்த உடம்பு அடங்கும்.

தொழிலுக்கு வந்தபோது கார்களுக்குப் பாட்டுப் பெட்டி மாட்டினான். அப்புறம் தொட்டால் அலறும் அலாரங்கள். அப்புறம் சாவியே வண்டியோடு பேசும் காலம் வந்தது. சாவியின் கறுப்புத் தலைக்குள் அரிசி அளவுக்கு ஒரு சிப் இருக்கும். சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பி வளையம். சாவியைத் திருப்பியதும் வளையம் 'நீ யார்' என்று கேட்கும், சிப் தன் எண்ணைச் சொல்லும். திருட்டைத் தடுக்கும் பெட்டி அதைச் சரிபார்த்து இன்ஜினுக்குச் சம்மதம் கொடுக்கும். இந்தப் பேச்சு எங்கே அறுந்தாலும் இன்ஜின் இரண்டு நொடி உறுமிவிட்டுச் செத்துவிடும். எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பது அவன் வேலை. நாலு பட்டறை கைவிட்ட வண்டிகள் அவனிடம் வரும்.

அவன் அண்ணனின் வண்டி மூன்றாவது முறையாக அவனிடம் வந்தது ஒரு சனிக்கிழமை.

அண்ணன் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அலுவலகப் படியில் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வண்டியை இப்போது அண்ணி ஓட்டுகிறாள். விடிந்ததும் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் சேர்ப்பது அவள் வேலை. குழாயில் எடுத்த ரத்தம் சொன்ன நேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அது வெறும் குப்பை. கடைசி மூன்று வாரத்தில் வண்டி நடுவழியில் மூன்று முறை அவளைக் கைவிட்டிருந்தது. ஊசி குத்திக்கொண்டவர்களை மறுபடி குத்த வேண்டிவந்தது. ஆய்வகத்து மேலாளர் கத்தவில்லை, கத்தியிருந்தாலாவது தேவலை. "திங்கட்கிழமை ஒரு நாள் பார்க்கிறேன்மா. அன்னிக்கும் லேட்டானா அந்த ஏரியாவை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்றார். அந்த வேலை போனால் அந்த வீட்டில் வேறு வரும்படி கிடையாது.

முதல் முறை வந்தபோது பல்லி கம்பி வளையத்தின் இணைப்பைத் துடைத்து மாட்டினான். இரண்டாம் முறை எர்த் ஒயரில் துரு பார்த்தான். கள்ளன் அகப்பட்டான் என்று சுரண்டி முடுக்கி, "இனிமே ஜென்மத்துக்கும் நிக்காது அண்ணி" என்று சொல்லி அனுப்பினான். நாலாம் நாள் நின்றது.

ஸ்கேனரை மாட்டினால் 'சாவியிடமிருந்து பதில் இல்லை' என்று பதிவாகியிருக்கிறது, பதினோரு தடவை. ஆனால் பட்டறைக்குள் வந்தால் வண்டி நல்ல பிள்ளை. ஆணியில் தொங்கிய அண்ணியின் சாவியை எடுத்து நாற்பது முறை திருப்பினான். நாற்பது முறையும் கிளம்பியது. ஒயர்களை ஆட்டிப் பார்த்தான், சூடு காட்டினான், தண்ணீர் தெளித்தான். பாட்டரியை இறக்கிவிட்டும் பார்த்தான். ம்ஹூம்.

முதலாளி வந்து கதவோரம் நின்றார். "பல்லி, அந்தப் பெட்டியையே மாத்திடு."

"பெட்டி நல்லா இருக்கு முதலாளி."

"நல்லா இருந்தா ஏன் நிக்குது?"

"அதான் தெரியலை."

"தெரியலைன்னா மாத்த வேண்டியதுதான். உன் அண்ணி வண்டிங்கிறதால ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கே. வேற ஆள் வண்டியா இருந்தா மத்தியானமே மாத்தியிருப்பே."

"மாத்தினா பழைய சாவி எல்லாம் செத்துடும், புதுசு வாங்கணும். அப்புறமும் கோளாறு வேற இடத்துலன்னா, திங்கட்கிழமை புதுச் சாவியோட நடுரோட்டுல நிப்பாங்க."

பெயிண்ட் அடிப்பவர் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, பல்லி இன்னிக்கு மௌன விரதமா?" யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் அண்ணிக்குப் போன் போட்டான், நடந்துகொண்டே. "வெயில்ல நிக்குதா, மழையிலயா?"

"ரெண்டுலயும்."

"சூடா இருக்கும்போதா?"

"அதுக்கு நான் ஜுரமா பார்த்தேன். உன்கிட்ட வந்தா மட்டும் கிளம்புது. உன்னைக் கண்டா அதுக்கும் பயம் போல." அவளே கேட்டாள். "பெட்டியை மாத்தணுமா?"

"தெரியலை அண்ணி."

அவனுக்குத் தெரியவில்லை என்று அவன் வாயால் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. இருவரும் இன்னும் எதையோ பேச நினைத்ததுபோல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து மாதமாக அப்படித்தான். வண்டியைப் பற்றி எவ்வளவு நேரமானாலும் பேசுவார்கள், அதை வாங்கியவரைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

ஞாயிறு காலை வண்டியை அவனே ஓட்டிக்கொண்டு போய் அவள் வீட்டு வாசலில் நிறுத்தினான். வழியில் ஒரு இருமல்கூட இல்லை. சாவியை அவள் கையில் கொடுத்தான்.

"வேலைக்குப் போற மாதிரி உள்ளேயிருந்து வந்து கிளப்புங்க. நான் இங்கே இல்லைன்னு நெனச்சுக்கோங்க."

"எப்படி நெனைக்கிறது? வண்டியைச் சுத்திச் சுத்தி வர்றியே."

உள்ளே போனாள். கைப்பையும் ஐஸ் பெட்டியுமாக வந்தாள். உட்கார்ந்தாள், திருப்பினாள். இன்ஜின் உறுமியது, இரண்டு நொடியில் அடங்கியது. மீட்டர் முட்களுக்கு நடுவே சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கியது.

மூன்று வாரமாக அவன் தேடிய கோளாறு கண்ணெதிரே வந்துவிட்டது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. "மறுபடி" என்றான். கிளம்பியது. "மறுபடி." செத்தது.

அவன் குனிந்து, பழக்க தோஷத்தில் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைக்கப் போனான். அப்போதுதான் முகத்துக்கு நேரே அது தெரிந்தது. துவாரத்தில் மாட்டிய சாவியிலிருந்து ஒரு கொத்து தொங்கியது. வீட்டுச் சாவி, பீரோ சாவி, அவற்றோடு கறுப்புத் தலையுள்ள இன்னொரு கார் சாவி. அது துவாரத்தை ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது.

"அது என்ன சாவி?"

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னாள். "உங்க அண்ணனோடது."

"எப்போ சேர்த்தீங்க?"

"அவர் மேஜையைக் காலி பண்ணின அன்னிக்கு. மூணு வாரம் இருக்கும். டிராயர்ல தனியாக் கிடந்துச்சு."

அவனுக்குக் காது சூடேறியது. இரண்டு சிப்புகளும் வளையத்துக்கு அருகில் வந்தால் இரண்டும் சேர்ந்து பதில் சொல்லும், வளையத்துக்கு ஒன்றும் புரியாது. தொழிலுக்கு வந்து ஒரு வருஷம் ஆனவன்கூட முதலில் கொத்தைத்தான் பார்ப்பான். அவன் பார்க்கவில்லை, ஏனென்றால் பார்க்கக் கொத்தே இல்லை. கனமான கொத்து தொங்கி ஒரு வாடிக்கையாளரின் பூட்டு தேய்ந்துபோனதிலிருந்து, 'கொத்து வேண்டாம், வண்டிச் சாவி மட்டும் கொடுக்கவும்' என்று பட்டறைச் சுவரில் சிவப்பு பெயிண்டால் எழுதியவனே அவன்தான். அண்ணி மூன்று முறையும் அதைப் படித்து, ஒழுங்காகக் கழற்றி, தன் சாவியை மட்டும் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி கோத்துக்கொண்டாள்.

அவன் காரணத்தைச் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள். "ரெண்டும் இதே வண்டிச் சாவிதானே? ரெண்டையும் அதுக்குத் தெரியுமே."

"தெரியும் அண்ணி. ஆனா ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா எதுவும் விளங்காது."

"உங்க வீட்டு ஆளுங்க மாதிரி."

அவன் சிரித்தான். அவளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு இருவரும் அந்தச் சாவியைப் பார்த்தார்கள்.

"வேணும்னா தலையைப் பிரிச்சு சிப்பை எடுத்துடுறேன்" என்றான். "அப்புறம் அது வெறும் இரும்பு. கொத்துலயே கிடக்கலாம்."

"அதால வண்டியை எடுக்க முடியுமா?"

"கதவு திறக்கும். வண்டி ஓடாது."

அவள் சாவியைத் துவாரத்திலிருந்து உருவினாள். "பிரிக்காதே" என்றாள். கொத்து வளையத்தை நகத்தால் நெம்பினாள். விறைப்பான வளையம், இரண்டு முறை வழுக்கியது. அவனுக்குக் கை பரபரத்தது. கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். கடைசியில் கழன்றது. அதை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு நீட்டினாள்.

"நீ வச்சுக்கோ. நான் எங்கேயாவது நின்னா நீதானே வரணும்."

"இனிமே நிக்காது."

"நிக்கலைன்னா வராதே."

அன்று அறுபது முறை கிளப்பிப் பார்க்கச் சொன்னான். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்து மூடின. அறுபது முறையும் கிளம்பியது. போன வாட்டியும் அவன் அடித்துச் சொன்னவன்தான். அதனால் இந்த வாட்டி ஒன்றும் சொல்லாமல் பஸ் பிடித்துப் போனான்.

திங்கட்கிழமை விடியும்போது பைக்கை எடுத்துக்கொண்டு அண்ணியின் தெருமுனைக்குப் போய் நின்றான். வண்டி கிளம்பியது. ஒரு தெரு தள்ளிப் பின்னாலேயே போனான். ஆறு வீடுகள். நாலாவது வீட்டு வாசலில் வண்டி பன்னிரண்டு நிமிஷம் அசையவில்லை. பைக்கை அந்த வாசல் வரை கொண்டுபோனான், திரும்பினான், மறுபடி போனான். பிறகு அண்ணி உள்ளேயிருந்து வந்து கிளப்பிக்கொண்டு போனாள்.

சொன்ன நேரத்துக்கு ஒன்பது நிமிஷம் முன்னால் ஐஸ் பெட்டி ஆய்வகத்துக்குள் போனது. எதிர்ப்பக்கம் மரத்தடியில் நின்று கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், எழுதினார், இன்னொரு தாளை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

வெளியே வந்தவள் நேராக ரோட்டைத் தாண்டி அவனிடம் வந்தாள்.

"நாலாவது வீட்டுத் தாத்தாவுக்கு நரம்பே கிடைக்கலை. வெளியே உன் பைக் சத்தம். அவரே கேட்டார், யாரும்மா அது தெருவுல அல்லாடுறதுன்னு."

"என்ன சொன்னீங்க?"

"என் கொழுந்தன், கொஞ்சம் பொறுமை கம்மின்னேன்." கையிலிருந்த தாளைக் காட்டினாள். இந்த வாரம் முழுக்கப் போக வேண்டிய வீடுகள். "நாளைக்கும் வரப்போறியா?"

"நாளைக்கு எனக்கு வேலை இருக்கு" என்றான்.

மறுநாளும் போனான்.