செயலாளர் எழுதிக் கொடுத்த ஒரு வரி

இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் கடலைமாவு அடை சுட்டு விற்ற அடெல்மோ பார்தலூச்சி, முன்பு தபால் நிலைய எழுத்தர். வேலை போனது திருடியதற்காக அல்ல, உண்மையைச் சொன்னதற்காக. 1925இல் முசோலினியின் கறுப்புச் சட்டைக்காரர்களின் அரசு, ஊழியர் எல்லாரும் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும் என்றது: ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சகோதரர் சபையில் இருக்கிறீர்களா, எப்போதாவது இருந்தீர்களா? அந்த ஊர்ச் சபையில் அரசு வேலை பார்த்த சகோதரர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் 'இல்லை' என்று எழுதிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள். சபையின் செயலாளரான அடெல்மோ மட்டும் 'ஆம்' என்று எழுதினார். அன்று மாலையே உறுப்பினர் பெயர்களும் கூட்ட முடிவுகளும் இருந்த சபைப் பதிவேட்டை அடுப்பில் போட்டார். போலீஸ் மூன்று முறை கூட்டிப்போய் அடித்தும் அவர் வாயிலிருந்து ஒரு பெயர்கூட வரவில்லை. இப்படி ஒரு பைத்தியக்காரர் கிடைத்தால் எந்தச் சபைதான் வேண்டாம் என்று சொல்லும்?

பிறகு பத்தொன்பது வருடம் அடுப்படிதான். மனைவி இசோலினா மாவு கரைப்பாள். அவர் அடையை வெட்டி ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பார். அந்தப் பத்துப் பேரில் ஒருவரான நகராட்சி அதிகாரி ஃபலாஸ்கி, கறுப்புச் சட்டையோடு வரும்போது கடையைக் கண்டதும் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார்.

1944 கோடையில் அமெரிக்கர்கள் வந்தார்கள். கறுப்புச் சட்டைகள் ஒரே வாரத்தில் மாயமாகின. குண்டு விழுந்து பாதி இடிந்த வீடொன்றில் சபை மறுபடி கூடியது. பழைய ஆட்சியின் ஆட்களைக் களையெடுக்க ஒரு குழு, அரசியலால் வேலை இழந்தவர்களைத் திரும்ப எடுக்க இன்னொரு குழு. அடெல்மோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இப்போது வேலை திரும்பக் கிடைத்தால் சாகும்வரை ஓய்வூதியம் வரும். மனுப் போட்டார்.

அந்த வாரமே ஃபலாஸ்கி கடைக்கு வந்து, சபை வழக்கப்படி கன்னத்தில் மூன்று முத்தம் வைத்தார்.

"என்னைக் களையெடுத்துடுவாங்க போல இருக்குப்பா. அன்னிக்கு நாங்க 'இல்ல'ன்னு எழுதினது சபை உத்தரவுன்னு செயலாளரா ஒரு வரி எழுதிக் குடு."

"சபை அப்படி ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லலதான். பதிவேடு இருந்தாத்தானே யாராச்சும் பொரட்டிப் பாக்க? நீதான் எரிச்சிட்டியே, மகராசா."

ஆபத்தில் இருக்கும் சகோதரனுக்குக் கைகொடுப்பேன் என்று சத்தியம் செய்தவர் அடெல்மோ. மற்றவர்கள் அதைக் காற்றில் விட்டிருந்தார்கள். இவரை மட்டும் அது விடவில்லை. இசோலினாவிடம் சொல்லாமல் எழுதிக் கொடுத்தார்.

அந்த ஒரு வரி பத்துப் பேரையும், சபை சொல்லி வேஷம் போட்ட மறைமுக எதிர்ப்பாளர்களாக்கிக் கரையேற்றியது. ஃபலாஸ்கியோ கரையேறியதோடு நிற்காமல், வேலை திரும்பத் தரும் குழுவிலேயே நாற்காலி பிடித்துவிட்டார். அடுத்த வசந்தத்தில் அடெல்மோவின் மனு அவர் முன்னால் வந்தது; அடெல்மோவையும் நேரில் அழைத்திருந்தார்கள். இவரைத் தியாகி என்று ஒப்புக்கொண்டால், அந்தப் பத்துப் பேருக்கு என்ன பெயர் வைப்பது? ஃபலாஸ்கி, அடெல்மோ எழுதிக் கொடுத்த அந்த வரியை நிதானமாகப் படித்துக் காட்டினார். 'இல்லை' என்று எழுதும்படி சபை உத்தரவு போட்டிருக்கிறது. மனுதாரர் அதை மீறி, தன் இஷ்டத்துக்கு வேலையைத் தொலைத்துக்கொண்டார்.

"இது உங்க கையெழுத்துதானே, ஐயா?" என்று கேட்டார், யாரோ அந்நியரைக் கேட்பது போல.

பொய் எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்துப் பேரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள். அடெல்மோ, கையெழுத்து தன்னுடையதுதான் என்றார். மனு தள்ளுபடி.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். இசோலினா மாவுக் கையைத் துடைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முசோலினி ஆளுங்க உன் வேலையத்தான் எடுத்தானுங்க," என்றாள். "நீ வாழ்க்கையில செஞ்ச ஒரே நல்ல காரியம், அன்னிக்கு 'ஆம்'னு எழுதினது. அத நீயே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கியேய்யா."