தொட்டுவிட்டு உள்ளே வா

மூக்குக் கண்ணாடியின் ஒரு காது கழன்றுவிட்டது. அதை மாட்டுவதற்காகப் போன வாரம் விருதுநகரில் ஒரு கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் எள்ளளவு ஸ்க்ரூவைக் கீழே போட்டுவிட்டு மேஜைக்கடியில் தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஒரு பெண் வந்தாள். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டாள். கதவோரத்து இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையை ஒரு கணம் வைத்து எடுத்தாள். அப்புறம்தான் உள்ளே வந்தாள். கதவு விரியத் திறந்துதான் கிடந்தது, அவள் எதையும் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

நீங்கள் பார்த்திருந்தால் ஒன்றும் நினைத்திருக்க மாட்டீர்கள். சிவகாசிப் பக்கத்து ஆள் என்றால் ஒருதரம் திரும்பிப் பார்த்திருப்பீர்கள். எனக்கோ முகம் சுட்டது. கண்ணாடி இல்லாததால் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. கையை மட்டும் நன்றாகவே பார்த்துவிட்டேன்.

விஷயம் இதுதான். பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு ரூம் வாசலிலும் ஒரு செம்புத் தகடு அடித்திருப்பார்கள். அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகும். நம் உடம்பிலும் உடுப்பிலும் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கரண்ட் ஏறியிருக்குமாம். அதை அந்தத் தகட்டில் இறக்கிவிட்டுத்தான் மருந்துப் பக்கம் போக வேண்டும். மருந்து என்றால் வெடிமருந்து, எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தமே அதுதான். தண்ணீர் குடிக்கப் போய்வந்தாலும் தொட வேண்டும், பாத்ரூம் போய்வந்தாலும் தொட வேண்டும். கொஞ்ச நாளில் கை தானாகவே போய்விடும்.

ப்ளஸ் டூ முடித்ததும் நானும் அந்த வேலைக்குத்தான் போனேன். எம். புதுப்பட்டியில் எங்கள் தெருவுக்கே காலையில் கம்பெனி வேன் வரும். ஒரு ரூமில் நாலு பேர். எனக்கு எதிரில் செல்வியக்கா. வெடிக்குத் திரி செருகிக்கொண்டே நாள் முழுக்கப் பேசும். சமைக்கத் தெரியாத நான் கொண்டுபோகும் தூக்குவாளியைத் திறந்து பார்த்துச் சிரித்துவிட்டு, தன் கருவாட்டுக் குழம்பில் பாதியை எனக்கு ஊற்றும். பேச்செல்லாம் அதன் மகள் பவித்ராவைப் பற்றித்தான். பவித்ரா நடந்தது, பவித்ரா விழுந்தது, பவித்ரா மண்ணைத் தின்றது. சாயந்திரம் வெளியே வரும்போது தகட்டைப் பார்த்து ஒருநாள் சொன்னது.

"ஏ பிள்ள, இதத் தொடுறது என்னோட போகட்டும். எம் மக இதத் தொடக் கூடாது. அம்புட்டுத்தான் எனக்கு."

இரண்டாவது சீசனில் பக்கத்துக் கம்பெனியில் ஒரு ரூம் வெடித்தது. எங்கள் அம்மா என்னை இனிமேல் அனுப்ப மாட்டேன் என்று அழுதாள். அந்தச் சமயத்தில் ஊருக்கு வெளியே ரோட்டோரம் இருந்த ஒரு சின்ன நர்சரிப் பள்ளிக்கூடத்தில் உதவி டீச்சர் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே எடுக்கவில்லை என்றால் வீட்டில் எத்தனை நாள் சும்மா உட்கார முடியும், மறுபடி வேன்தான். அந்தப் பயம் எனக்கு நிறைய இருந்தது.

பள்ளிக்கூடத்தை நடத்தியவர் ஜமீலா டீச்சர். விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்யும் குடும்பம். தினமும் பஸ்ஸில் வந்து போவார். மல்லிகைப்பூப் போட்ட வெள்ளைச் சேலையும் தலையில் முக்காடுமாக அவரைப் பார்த்ததும் எனக்கு என் நகத்தைப் பற்றித்தான் கவலை வந்தது. கம்பெனியில் வேலை பார்த்தால் நகக்கண்ணில் வெள்ளிப் பொடி ஏறிவிடும், சீக்கிரம் போகாது. முந்தின நாள் முழுக்க எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இதுக்கு முன்னாடி எங்கயும் வேலை பாத்திருக்கீகளாம்மா?"

"இல்ல டீச்சர். வீட்ல சும்மாதான் இருந்தேன்."

அவர் நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டார். "சும்மா இருந்த ஆளுகதான் பிள்ளைககிட்டப் பொறுமையா இருப்பாக," என்று என்னை வேலையில் சேர்த்துக்கொண்டார்.

பொறுமையா? முதல் வாரம் பிள்ளைகள் அழுதன, நானும் கூடச் சேர்ந்து அழுதேன். ஒரு பையன் டவுசரை நனைத்துவிட்டு என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், இரண்டு பேருக்குமே அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. கத்திப் பேசிப் பழகிய தொண்டை. "ஏலே, அங்கன என்னலே பண்ணுத?" என்று ஒரு குரல் விட்டேன், ஜமீலா டீச்சர் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்துவிட்டார். "ஏலே எல்லாம் இங்க வேண்டாம்மா" என்றார் மெதுவாக. ஷூ லேஸ் கட்டிவிடச் சொன்னார்கள், கட்டிவிட்டேன். சரவெடி நுனியில் போடுகிற முடிச்சு ஒன்றுதான் எனக்குத் தெரியும். அதை ஜமீலா டீச்சர் நகத்தால் கிண்டிக் கிண்டிப் பார்த்தும் அவிழ்க்க முடியவில்லை. சாயந்திரம் கூப்பிட வந்த அம்மாமார்கள் ஒரே இழுப்பில் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். ஜமீலா டீச்சருக்கு ஆச்சரியம். எனக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, தலையைக் குனிந்துகொண்டேன்.

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. அடுத்ததைச் சொல்லும்போது சிரிப்பு வருவதில்லை.

இரண்டாவது வாரமோ என்னவோ, புதுப் பிள்ளை ஒன்றைச் சேர்க்க ஒரு அம்மா வந்தது. வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் செல்வியக்கா. என்னைப் பார்த்ததும் அதன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஏ பிள்ள..." என்று வாயெடுத்தது. எனக்குப் பின்னால் ஜமீலா டீச்சர் வந்துகொண்டிருந்தார்.

நான் சொன்னேன். "வாங்கம்மா. பாப்பா பேரு என்ன?"

அந்தப் பெயரை எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேன். செல்வியக்கா என்னைப் பார்த்தது, பின்னால் வந்த ஜமீலா டீச்சரைப் பார்த்தது, புரிந்துகொண்டது. எப்போதுமே கெட்டிக்காரி. "பவித்ரா, டீச்சர்" என்றது. அன்றிலிருந்து அதற்கு நான் டீச்சர்தான். அதன் கருவாட்டுக் குழம்பைத் தின்ற வாயால்தான் அதன் பெண்ணுக்குப் பெயர் கேட்டேன். இன்றைக்கும் குளிக்கும்போதோ தோசை சுடும்போதோ இது திடீரென்று ஞாபகம் வரும், வாய்விட்டு "சீ" என்று சொல்லிவிடுவேன். வீட்டில் இருப்பவர்கள் தோசை கருகிவிட்டது போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

வாயை அடக்கிவிட்டேன், கையை அடக்க முடியவில்லை. வகுப்புக்குள் நுழையும் முன்பு என் உள்ளங்கை வாசலின் இரும்பு நிலையில் போய் ஒட்டிவிட்டு வரும். எனக்கே தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒருநாள் இன்டர்வெல் முடிந்து திரும்பிப் பார்க்கிறேன், வரிசையாக வந்து ஒவ்வொன்றும் குட்டிக் கையை நிலையில் வைத்துவிட்டு உள்ளே வருகிறது. முன்னால் நிற்பது பவித்ரா. எட்டாத பிள்ளைகள் எக்கித் தொடுகின்றன.

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நிறுத்தவில்லை, ஏன் தெரியுமா? அதுவரைக்கும் வாசலில் தினமும் தள்ளுமுள்ளு, பல்லில் ரத்தம், ஒரே ரகளை. தொட்டுவிட்டு வர வேண்டும் என்று ஆனதும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஜமீலா டீச்சர் பார்த்து அசந்துபோனார். "எங்க கத்துக்கிட்டீகம்மா இத?" என்று கேட்டார். "சும்மா, தோணுச்சு டீச்சர்" என்றேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. நான் குளிர்ந்துபோய்விட்டேன். மறந்து உள்ளே வந்த பிள்ளைகளை நானே திருப்பி அனுப்ப ஆரம்பித்தேன். "தொட்டுட்டு உள்ள வா" என்று அதட்டவும் செய்தேன்.

பிறகு பெற்றோர் கூட்டம் வந்தது. கம்பெனிக்கு லீவு நாளாகப் பார்த்து வைத்திருந்தார்கள். அம்மாமார்கள் எல்லாரும் நல்ல சேலை கட்டி, பூ வைத்து, வராந்தாவில் நின்றார்கள். ஜமீலா டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம புது டீச்சர் பிள்ளைகளுக்கு எப்படி ஒழுங்கு பழக்கியிருக்காக பாருங்க" என்று சொல்லி மணியை அடித்தார். பிள்ளைகள் மைதானத்திலிருந்து வந்தன. வரிசையாக நின்றன. நிலையைத் தொட்டுவிட்டு, தொட்டுவிட்டு உள்ளே போயின.

வராந்தாவில் அதுவரைக்கும் இருந்த பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. அங்கே நின்ற அத்தனை பேரும் தினமும் அதையே செய்கிறவர்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கப் பார்த்தாள். "எங்க ரூமு வாசல் மாதிரில்ல இருக்கு" என்றாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை. ஜமீலா டீச்சர் ஒன்றும் புரியாமல் எல்லார் முகத்தையும் பார்த்தார்.

செல்வியக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. பவித்ராவின் கை நிலையில் இருந்தது. அந்த மணிக்கட்டைப் பிடித்து எடுத்து, தன் சேலை முந்தானையால் அந்தக் கையைத் துடைத்தது. அழுக்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் துடைத்தது. ஏசிவிடும், எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடும், வேலை போயிற்று என்று நினைத்தேன். அது ஏசவில்லை. யாருக்கும் கேட்காத குரலில் சொன்னது.

"இத மட்டும் பழக்காதீக, டீச்சர்."

"ஏ பிள்ள" என்று ஒரு வார்த்தை ஏசியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். மரியாதையாகச் சொல்லிவிட்டது. நான்தானே அந்த மரியாதையை முதலில் கேட்டு வாங்கியது.

அன்றைக்குச் சாயந்திரம் ஜமீலா டீச்சர் கூட்டத்துக்கு வந்திருந்த கம்பெனி வேன் டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். "கம்பெனியில இருந்தீகளாம்மா?" என்றார். தலையாட்டினேன். "அதச் சொல்றதுக்கு என்ன கூச்சம்? இங்கன வர்ற பிள்ளைக வீட்ல எல்லாரும் அதத்தான செய்றாக?" என்றார். அவர் கோபப்படவே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஒளித்ததெல்லாம் ஒன்றுமில்லாததற்காக என்று அப்போதுதான் உறைத்தது. வேலை போகவில்லை.

மறுநாளிலிருந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வகுப்புக்குள் போனேன். பிள்ளைகளிடம் தொட வேண்டாம் என்றேன். கொஞ்ச நாளில் மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். பவித்ரா மட்டும் விடவில்லை. நான் பார்த்தால் கையை எடுத்துக்கொள்ளும், நான் திரும்பினால் தொட்டுவிடும். சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிற பிள்ளை. செல்வியக்கா சாயந்திரம் வாசலுக்கு வெளியே நின்றே பிள்ளையைக் கூப்பிடும். ஒரு தடவையாவது "அக்கா" என்று கூப்பிட வேண்டும் என்று வருடம் முழுக்க நினைத்தேன், நாக்கு எழவில்லை. அடுத்த வருடம் அது பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாற்றிவிட்டது.

கண்ணாடிக் கடைக்காரர் ஸ்க்ரூவைக் கண்டுபிடித்துவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்தான? நான் பவித்ரா. செல்வி மக. நல்லா இருக்கீகளா?"

"நல்லா இருக்கேம்மா. என்ன படிக்கிற?"

"படிக்கல டீச்சர். பன்னெண்டாவதோட நின்னுட்டேன். அம்மாவுக்கு மூச்சு எளைப்பு, அதால இப்ப முடியல. அம்மா கண்ணாடிய வாங்கத்தான் வந்தேன். நான் கம்பெனிக்குப் போறேன்."

நான் அவள் நகத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். அவளோ ஏதோ பரிசு வாங்கிய விஷயத்தைச் சொல்வதுபோல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லணும் டீச்சர். முத நாள் கூட வந்த பிள்ளைக எல்லாம் தகட்டத் தொட மறந்து மறந்து உள்ள போயி ஏச்சு வாங்குச்சுக. நான் ஒருத்திதான் தொட்டுட்டுப் போனேன். போர்மேன் கேட்டாரு, 'இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தம்மா?'ன்னு. இல்ல, எங்க டீச்சர் சொல்லிக் குடுத்தாகன்னு சொன்னேன்."

பத்திரமா இரும்மா என்றோ என்னவோ சொல்லியிருப்பேன். "அம்மாகிட்டச் சொல்றேன், டீச்சரப் பாத்தேன்னு" என்றாள். சொல்ல வேண்டாம் என்று வாய் வரைக்கும் வந்தது. இந்தத் தடவையாவது விழுங்கிக்கொண்டு, "அக்காவ நான் கேட்டேன்னு சொல்லு" என்றேன். அம்மாவை டீச்சர் அக்கா என்பது அவளுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும், ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அந்தப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை. கொரோனாவில் பூட்டியது, அப்புறம் திறக்கவே இல்லை. ஜமீலா டீச்சர் மகனோடு வெளியூர் போய்விட்டார். கட்டடத்தில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள், லோடு ஏற்ற வசதியாக இருக்க வேண்டும் என்று வாசலை இடித்து அகலமாக்கி அந்த இரும்பு நிலையையும் பெயர்த்துவிட்டார்கள். நான் அங்கிருந்து வந்த பிறகு படித்து, பரீட்சை எழுதி, விருதுநகரிலேயே டீச்சராக இருக்கிறேன்.

பவித்ராவைப் பார்த்த மறுநாள் காலையில் என் வகுப்பு வாசலில் போய் வேண்டுமென்றே நின்று பார்த்தேன். நிலை பக்கத்திலேயே இருந்தது. கை தானாக எழவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருக்கிறது.