முழுக்கைச் சட்டையும் விலகிப்போன பந்தும்

அமீருன்னிசாவிடம் ‘உன்னால் முடியாது’ என்று சொல்வதும், வெற்றிலை பாக்கு வைத்து அந்த வேலைக்கு அழைப்பதும் ஒன்றுதான். ‘பொம்பளைப் புள்ளைக்கு டைப்பிங் எதுக்கு?’ என்று வாப்பா கேட்டார். லோயர், ஹையர் இரண்டையும் முடித்து கடலூரில் அரசாங்கத் தட்டச்சர் ஆனாள். கணவன் நவ்ஷாத் சவுதிக்குப் போனதும் ‘ஒத்தையில இன்னா பண்ணுவா?’ என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். முப்பதைத் தாண்டிய பிறகு பூப்பந்து மட்டையை எடுத்ததும் அப்படித்தான். முக்காட்டை இறுக்கிக் கட்டி, முழுக்கைச் சட்டையோடு இறங்குவாள்.

2008இல் சிதம்பரத்தில் பெண் ஊழியர்களுக்கான போட்டி. காலை ஆட்டத்தில் அவள் போட்ட சர்வீஸெல்லாம் இடது கோட்டுக்கு வெளியேதான் விழுந்தது. அணி எப்படியோ தப்பிப் பிழைத்து அரையிறுதிக்கு வந்தது.

“அந்தச் சட்டைதான் கைய இழுக்குது அமீரு,” என்றாள் கேப்டன் மாலதி. “முழங்கை வரைக்கும் மடிச்சி உட்டுக்க. இல்லன்னா மத்தியானம் நீ வெளியில உக்காரு.”

“கடலூர்லயும் இதே சட்டதான் அக்கா. அங்க பந்து உள்ள உழுவுதே?”

“அங்க பிராக்டிஸு. இங்க டென்ஷன்.”

இந்த உலகத்தில் எதற்குத்தான் அந்தச் சட்டையைக் குறை சொல்லவில்லை! மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் பந்துகளை அள்ளிக்கொண்டு தனியாகக் களத்தில் இறங்கினாள். அடித்தாள், இடதுபுறம். மறுபடியும் அடித்தாள், அதே இடம். தவறு ஒரே இடத்தில் விழுந்தால் அதற்குப் பெயர் டென்ஷன் இல்லை என்று தோன்றியது.

அப்போதுதான் வலையைப் பார்த்தாள். துளிகூட அசையவில்லை. கடலூர் தேவனாம்பட்டினத்தில் அவர்கள் பயிற்சி செய்யும் இடத்தில் சாயங்காலமானால் கடற்காற்றில் வலை உப்பிக்கொண்டு நிற்கும். தெற்குப் பக்கம் மணலில் கால் புதையும் என்று எல்லோரும் வடக்கே நின்றே பழகியவர்கள். இடப்பக்கக் கடலிலிருந்து வரும் காற்று பந்தை வலதுபுறம் தள்ளும்; அதை ஈடுகட்ட உடம்பு தானாகவே இடதுபுறம் திரும்பிவிடும். சிதம்பரத்தில் காற்று இல்லை. ஆனால் அவள் கால் இன்னும் கடலைப் பார்த்தே நின்றது.

காலை நேராக ஊன்றி அடித்தாள். பந்து உள்ளே விழுந்தது. கை வலிக்கும் வரை அதையே திரும்பத் திரும்பச் செய்தாள்.

மாலதி வந்து பார்த்தபோது பந்துகள் வரிசையாக உள்ளே விழுந்துகொண்டிருந்தன.

“சட்டைய மடிச்சியா?”

“இல்ல. கால மாத்துனேன். கடல்காத்துக்கு அடிச்ச பழக்கம் அக்கா.” மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாலதியை நேருக்கு நேர் பார்த்தாள். “காலையில உங்க பந்தும் எடது பக்கமாதான் போச்சி. எல்லாருதும் போச்சி. நீங்கல்லாம் அரைக்கைதான் போட்டிருந்தீங்க.”

மாலதி ஒரு பந்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“கால எப்படி வெக்கணும்? காட்டு.”