ஊதிப் பார்க்கிற உத்தியோகம்

கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்தவன் நான். அதனால் துளை சம்பந்தமாக இந்த உலகத்தில் எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு இருந்தது. சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நினைப்பை மட்டும் யாரும் மூடவில்லை.

பெங்களூருக்கு வந்து ஈஜிபுராவில் வீடு பிடித்தோம், நானும் சம்பூர்ணமும். முதலில் ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டினேன். இறங்கிக்கொண்டே இருந்தவன் இப்போது ஏறவும் செய்கிறேன், இது ஒரு பதவி உயர்வு என்று சம்பூர்ணத்திடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பிறகுதான் சர்ஜாபூர் ரோட்டுக்கு அப்பால், நீலகிரி மரத் தோப்புக்குள் கிஷோர் ஆரம்பித்த பெயின்ட்பால் மைதானத்தில் வேலை கிடைத்தது. ‘எக்விப்மென்ட் இன்சார்ஜ்’ என்று முதுகில் எழுதிய டீ ஷர்ட் கொடுத்தார்கள். சர்ச்சுக்குக்கூட அதைப் போட்டுக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன். ஒரு தடவை போயும் இருக்கிறேன்.

விளையாட்டு இதுதான். சனிக்கிழமைகளில் சாப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். வாரம் முழுக்க மேனேஜரிடம் ‘எஸ், எஸ்’ என்று சொன்னவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, மரத்துக்குப் பின்னால் ஒளிந்து, அவரைச் சாயப் பந்தால் சுடுவார்கள். பந்து கோலிகுண்டு அளவுதான் இருக்கும். மேல் உறை மாத்திரை உறையைப் போல மெல்லிசு. காற்றின் அழுத்தத்தில் பாய்ந்து போய், பட்ட இடத்தில் உடைந்து நீலமாகவோ ஆரஞ்சாகவோ வழியும். சுடுகிற கருவிக்குப் பெயர் மார்க்கர். நான் துப்பாக்கி என்பேன். “மார்க்கர், அங்கிள், மார்க்கர்” என்று கிஷோர் திருத்துவான். சேலத்துப் பையன். சாப்ட்வேர் வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழிலுக்கு வந்தவன். எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் படித்துவிட்டு வந்து எனக்கு வகுப்பு எடுப்பான்.

அந்த வருட மழைக்காலத்தில் அமெரிக்காவிலிருந்த அண்ணன் மூலம் ஒரு பெட்டி நிறையப் பேரல்களை வரவழைத்தான். மார்க்கரின் முன்பக்கக் குழல்தான் பேரல். ஐந்து அளவு, ஒன்றாம் நம்பருக்குத் துளை சின்னது, ஐந்தாம் நம்பருக்குப் பெரியது. வெளியிலிருந்து பார்த்தால் ஐந்தும் ஒன்றுபோல இருக்கும். உள் துளையில்தான் வித்தியாசம், அதுவும் ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பங்கு போட்டு அதில் இரண்டு மூன்று பங்கு.

“அங்கிள், துளை பெரிசா இருந்தா காத்து பந்தைச் சுத்திக்கிட்டு லீக் ஆயிடும். பந்து தள்ளாடும், பாதியில விழும். சின்னதா இருந்தா உள்ளயே உடைஞ்சிடும். பந்து சைஸும் ஒரே மாதிரி இருக்காது. ஈரம் பட்டா ஊதிக்கும். அதனால ஒவ்வொரு டப்பா திறக்கும்போதும் டெஸ்ட் பண்ணணும்.”

“எப்படி சார் டெஸ்ட்டு? மிஷின் இருக்கா?”

“வாய்தான் மிஷின். பந்தைப் பேரல்ல போடுங்க. தானா உருண்டு வெளிய வரக்கூடாது. ஆனா ஊதினா வரணும். அதான் கரெக்ட் சைஸ்.”

இவ்வளவுதானா என்று தோன்றியது. டைனமைட் வைக்கத் துளை போட்டவனிடம் போய் இதைச் சொல்கிறானே.

அவன் போனபிறகு உட்கார்ந்து ஊதினேன். முதல் பேரலில் பந்து அசையவில்லை. இரண்டாவதிலும் அசையவில்லை. மூன்றாவதில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. நான்காவதில் கொஞ்சம் நகர்ந்து, யோசித்து, நின்றுவிட்டது. ஐந்தாவதில் ஊதியதும் வெளியே வந்தது. லேசாகச் சாய்த்தால் ஊதாமலே வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு விதியில் ஒன்று சரியாக இருக்கிறதே, போதாதா என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, எல்லா மார்க்கரிலும் ஐந்தாம் நம்பரை மாட்டிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வந்த கூட்டம் சுட்டது சுட்டபடி இருந்தது, யார் மேலும் ஒரு பொட்டுச் சாயம் படவில்லை. பந்துகள் குழலை விட்டுக் கிளம்பி, இடப்பக்கம் போவதா வலப்பக்கம் போவதா என்று குழம்பி, புல்லில் படுத்துக்கொண்டன. ஒரு பெண் தன் டீம் லீடரை நெஞ்சுக்கு நேராகக் குறி வைத்துச் சுட்டாள். பந்து அவர் ஷூவுக்கு முன்னால் போய் நின்றது. அவர் குனிந்து அதை எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

கேட்டில் நிற்கும் கோவிந்தப்பா மாலூர்க்காரர். தமிழ் பேசுவார், நடுவில் கன்னடம் எட்டிப் பார்க்கும். “ரெமிஜியஸ் அண்ணா, உங்க பந்து எல்லாம் சும்மனே வாக்கிங் ஹோகுதே. ஷுகரா அதுக்கு?” என்றார்.

நான் மழையைக் குற்றம் சொன்னேன். பந்து தயாரித்தவனைச் சொன்னேன். காற்று சிலிண்டரைச் சொன்னேன். அமெரிக்கா என்ற தேசத்தைப் பற்றியே ஒரு கருத்துச் சொன்னேன். கிஷோர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

“அங்கிள், வர்ற சனிக்கிழமை பெரிய கம்பெனி. நல்லா நடந்தா வருஷம் பூரா அவங்கதான். அன்னைக்கும் இப்படி ஆச்சுன்னா எக்விப்மென்ட் டேபிளுக்கு வேற ஆளப் போட்டுடுவேன். கோவிந்தப்பா எப்படியும் ஊருக்குப் போறேங்கிறாரு. நீங்க கேட்ல நின்னுக்கங்க. விசில் ஊதி வண்டியப் பார்க் பண்ண வைக்கிற வேலைதான், கஷ்டம் இல்ல.”

கேட் வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்காரருக்குக் கொடுக்கிற சட்டையில் முதுகில் ஒன்றும் எழுதியிருக்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அளவுக்கு ஒன்றாக ஐந்து பேரலையும் ஒரு டிபன் டப்பா நிறையப் பந்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குழலுக்குள் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் பந்து வழுக்கிக்கொண்டு வருமே என்று சுரங்கத்து மூளை ஒன்று யோசனை சொல்லியிருந்தது. சம்பூர்ணம் அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டுக் கொத்தமல்லி கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து இரண்டாம் நம்பரை ஊதினேன். கன்னம் உப்பியது. காது அடைத்தது. பிறகு இருமல் வந்தது, அது ஒரு தடவை வந்தால் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டுதான் வரும்.

“இன்னா இது, ஊதாங்கொழலா? கேஸ் அடுப்பு வந்து எவ்ளோ வருஷம் ஆச்சு.”

“இது டெக்னிக்கல். உனக்குப் புரியாது.”

“புரியாததுக்கு எதுக்கு மூஞ்சி இப்படி வீங்குது? இங்க குடு.”

சம்பூர்ணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சர்ச் பாட்டுக் குழுவில் முதல் வரிசை. மைக் கெட்டுப்போன ஈஸ்டரில் கடைசி பெஞ்சுக்கும் அவள் பாட்டுக் கேட்டது. தண்ணீர் லாரி தெருமுனை திரும்பும்போது அவள் இங்கிருந்து கூப்பிட்டால் டிரைவர் பிரேக் போடுவார்.

அவள் பேரலை வாங்கி, சேலைத் தலைப்பால் முனையைத் துடைத்து, சும்மா ஒரு ஊது ஊதினாள். ‘பொக்’ என்று ஒரு சத்தம். பந்து பறந்து போய் ரசத்தில் விழுந்தது.

இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். மாத்திரை உறை வெந்நீரில் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. ரசம் முதலில் ஒரு மூலையில் நீலமாகி, பிறகு தக்காளித் துண்டுகளைச் சுற்றிக்கொண்டு முழுவதும் நீலமானது. மாதா திருவிழாக் கொடி நிறம்.

“போச்சு ரசம்” என்றாள். அடுப்பை அணைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “நான் பெருசா ஒண்ணும் ஊதலியே. நீ அவ்ளோ நேரம் ஊதின.”

“அது வந்து, பந்து கொஞ்சம் இளகியிருக்கும்.”

“இன்னொண்ணு போட்டு ஊது.”

ஊதினேன். பந்து அசையவில்லை. அவள் என் கையிலிருந்து பிடுங்கி ஊதினாள். ‘பொக்.’ இந்தத் தடவை சுவரைப் பார்த்து ஊதியிருந்தாள், புத்திசாலி.

துளையில் ஒன்றும் கோளாறு இல்லை. அளந்து பார்த்த கருவியில்தான் கோளாறு. ஐந்து குழலையும் மாற்றி மாற்றிப் பார்த்த நான், அந்தப் பக்கம் ஊதுகிறவனை ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. சுரங்கத்துத் தூசி எல்லார் நெஞ்சிலும் இருக்கும், என் நெஞ்சில் மட்டும் பார்த்துப் பதமாக உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

“படி ஏறும்போது நின்னு நின்னு போன் பாக்கறியே, அது இதானா?” என்று கேட்டாள்.

“மெசேஜ் வரும்.”

“உனக்கு யாரு அனுப்பறா மெசேஜு?”

அதற்குப் பதிலாக, பந்து ஈரத்தில் வீங்குவதிலிருந்து கேட் வேலை வரை கிஷோர் சொன்னதையெல்லாம் அவளிடம் ஒப்பித்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் சட்டென்று காரியத்துக்கு வந்தேன். “சரி, உன் கணக்குப்படி ரெண்டாம் நம்பர். நாளைக்கு அதையே மாட்டிடறேன்.”

“மழை பெய்யுதே. ஈரத்துல பந்து வீங்கும்னு நீதான சொன்ன? காலையில மறுபடி ஊதணும். யாரு ஊதுவா?”

நான் டிபன் டப்பாவை மூடினேன்.

“நான் வந்து ஊதறேன்” என்றாள். “திங்கக்கிழம நீ டாக்டர்கிட்ட வந்து ஊதணும். சம்மதம்னா சொல்லு. இல்லன்னா போய் கேட்ல நில்லு.”

சனிக்கிழமை காலையில் சம்பூர்ணம் சர்ச்சுக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். மைதானத்தில் புது டப்பாவைத் திறந்து என் மேஜை முன் உட்கார்ந்தாள். பந்துகள் ராத்திரி ஈரத்தில் உண்மையாகவே பருத்திருந்தன. இரண்டாம் நம்பரில் அவள் மூச்சுக்கே பந்து மசியவில்லை. நான் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன். மூன்றாவதில் தானாக உருளவில்லை, ஊதியதும் பாய்ந்தது. இன்னும் நாலைந்து பந்தைப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் ‘பொக், பொக்.’ கோவிந்தப்பா கேட்டை விட்டுவிட்டு வந்து கைதட்டினார்.

கிஷோரும் வந்துவிட்டான். “யாரு அங்கிள் இவங்க?”

என் அத்தை பெண், பார்க்க வந்தாள், பொழுதுபோகாமல் ஊதுகிறாள் என்றெல்லாம் சொல்ல வாய் தயாராக இருந்தது. சம்பூர்ணம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் சம்சாரம் சார். எனக்கு மூச்சுப் பத்தல. தங்கவயல் தூசி. போன வாரம் நான் ஊதினது ஊதலே இல்ல. அதான் பெரிய துளையா மாட்டிட்டேன்.”

அவன் மேஜையில் மூன்றாம் நம்பர்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்தான். ஒரு பந்தைப் போட்டு அவனும் ஊதினான். வந்தது. இன்டர்நெட் ஆசாமிக்கும் மூச்சு இருக்கிறது.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே அங்கிள்.”

“தெரிஞ்சாத்தான சார் சொல்றதுக்கு.”

அன்றைக்குப் பந்துகள் நேராகப் போயின. பெரிய கம்பெனியின் மேனேஜர் மத்தியானத்துக்குள் தலைமுதல் கால்வரை ஆரஞ்சு நிறமாகி, ரொம்ப சந்தோஷமாக அடுத்த மாதத்துக்கும் தேதி கேட்டார். என் மேஜை எனக்கே நின்றது, சனிக்கிழமைகளில் சம்பூர்ணமும் வர வேண்டும் என்ற ஏற்பாட்டோடு. ஆட்டத்தை ஆரம்பித்து வைக்கிற விசிலையும் கிஷோர் அவள் கையிலேயே கொடுத்துவிட்டான். அவள் ஊதியதில் தோப்பிலிருந்த காக்கைகள் கிளம்பிவிட்டன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டுக்கு மாற்றியிருந்தாலும் வண்டி நிறுத்துகிற விசிலை நான் எங்கே ஊதியிருக்கப்போகிறேன்?

திங்கட்கிழமை சம்பூர்ணம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, டாக்டரம்மா மூச்சை அளக்கிற இயந்திரத்தின் வெள்ளைக் குழாயை நீட்டினார். மூச்சை நன்றாக இழுத்து, ஒரே மூச்சில் ஊத வேண்டும் என்றார். ஊதினேன். “இன்னும் வேகமா” என்றார். மறுபடி ஊதினேன். அவர் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். புல்லில் படுத்த பந்துகளைப் பார்த்த கிஷோரின் முகம் அது.

நான் குழாயைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, உள்ளே ஒரு தரம் பார்த்தேன்.

“டாக்டரம்மா, இதுல கொஞ்சம் பெரிய சைஸ் இருக்குமா?”

சம்பூர்ணத்தின் சிரிப்புக்கு வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். சிரித்து முடித்ததும் என் கையிலிருந்த குழாயைத் திருப்பி, என் வாயிலேயே வைத்தாள்.

“ஊது” என்றாள்.