மாலை போட்ட மூன்றாம் நாள்

1. கிரேன் மேலே

"சிஸ்டர், ஓடி வாங்க! ஏழுமலைக்கு சாமி வந்துடுச்சு!"

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி ஆலையின் முதலுதவி அறையில் நான் நர்ஸாக இருந்தபோது, கார்த்திகை மாதத்தில் ஒரு காலை இப்படித்தான் கூப்பிட்டார்கள். டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். அவசரம் என்றால் இன்றைக்கும் எனக்குக் கால் தரையில் நிற்காது.

ஏழுமலை கிரேன் ஆபரேட்டர். கழுத்தில் ஐயப்பன் மாலையோடு மேலே கேபினில் இருந்தார். கொக்கியில் ஒரு கட்டுக் கம்பி அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவரோ லிவரை விட்டுவிட்டு, "எறும்பு! மேலெல்லாம் எறும்பு!" என்று அலறிக்கொண்டு உடம்பைத் தட்டிக்கொண்டிருந்தார். கீழே சூப்பர்வைசர் தாமோதரன் கற்பூரமே ஏற்றிவிட்டார். நாலைந்து பேர் சரணம் சொல்கிறார்கள், அதுவும் கம்பிக்கு நேர் கீழே நின்றுகொண்டு!

"எல்லாரும் நகருங்க! மெயினை ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. கிரேன் நின்றது, பிரேக் பிடித்துக்கொண்டது.

2. குடிச்சாத்தானே வியாதி?

"இவர் எப்ப மாலை போட்டார்?"

"முந்தாநேத்து சிஸ்டர்" என்றார் தாமோதரன்.

"அதுக்கு முன்னாடி குடி எப்படி?"

"காலைல நாஷ்டாவே அதானே. இப்ப சுத்தமா உட்டுட்டாரு."

"ஒரேயடியா உட்டதாலதான் இது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவருக்கு வந்ததே கோபம். "இன்னா சிஸ்டர், மாலை போட்டவரப் போயி குடிகாரன்றீங்க? குடிச்சாத்தானே வியாதி? அவுரு தொடக்கூட இல்லியே!"

"தொடாததாலதான் தாமோதரன்! வலிப்பு வந்து விழுந்தார்னா நீங்களா பதில் சொல்வீங்க?"

புதிதாக நர்ஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளே, இதை மனதில் வையுங்கள். வருஷக்கணக்காகக் குடித்த உடம்பு சாராயத்துக்குப் பழகியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உயிரே போகலாம். நம் ஊரில் மாலை போட்டுக் குடியை விடுகிறவர்கள் ஏராளம். அந்த மன உறுதிக்கு நான் கும்பிடு போடுவேன். ஆனால் உடம்புக்கு மருந்தும் வேண்டுமே.

தாமோதரனை முன்னால் ஏறவிட்டு, ஏணியில் நானும் ஏறினேன். "சாமி, எறும்பு எனக்குத் தெரியல. நீங்க பயந்திருக்கீங்கன்னு தெரியுது. கூடவே வாங்க" என்றேன். என்னையே பார்த்தார். பிறகு குழந்தை மாதிரி கையை நீட்டினார். சொக்காய் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

3. ஆஸ்பத்திரியில்

அவர் மனைவி செல்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துள்ளி விழுந்துவிடக் கூடாதென்று ஏழுமலையைக் கட்டிலில் கட்டிப்போட்டிருந்தார்கள்.

"குடிச்சிக்கினு இருந்தப்ப எழுந்து நடந்தாரு சிஸ்டர். உட்டதும் இப்டி பேஜாரா பூட்ச்சே. கொஞ்சம் வாங்கி ஊத்திடட்டுமா? உசுரோட இருந்தா போதும்."

"வேணாம்மா. மருந்து ஏறிக்கினு இருக்குது. கண்டிப்பா பொழச்சுப்பாரு" என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்து நானும் வேண்டிக்கொண்டேன்.

பிழைத்தார்! சில நாளில் தெளிந்து, முதல் வேலையாகக் கழுத்தைத் தடவிப் பார்த்து, "செல்வி, மாலை எங்க கீது?" என்று கேட்டார். வார்டு என்றும் பாராமல் நான் கைதட்டிவிட்டேன். இன்னொரு நர்ஸ் முறைத்தாள். முறைக்கட்டுமே!

4. கதவைச் சாத்தியவர்

மறுவருஷம் ஐப்பசியில் தாமோதரன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். எடை பார்க்கிற சாக்கில் தராசில் ஏறி இறங்கினார்.

"இந்த வாட்டி நானும் மாலை போடலாம்னு கீறேன். ஆனா..." என்று குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் காலைல வேணும் சிஸ்டர். யாருக்கும் தெரியாது. மருந்து வாங்கிக்கினு அப்பால போடலாமா?"

சூப்பர்வைசர்! ஷெட்டையே அதட்டுகிற மனிதர்! எனக்கு எழுந்து குதிக்கலாம் போல இருந்தது. அடக்கிக்கொண்டு, திருவள்ளூர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போன் போட்டேன்.

குடியும் மனநோயும் இந்த நாட்டையே அழுத்துகிற பாரம் என்று பயிற்சி வகுப்பில் பெரிய பெரிய படமாகக் காட்டுவார்கள். நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: அந்தப் பாரத்தைச் சுமக்கிறவன் வாய் திறக்க வெட்கப்படுகிறான். அவன் உதவி கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. கேட்கிறவனைத் தயவுசெய்து கேலி செய்யாதீர்கள்.

தாமோதரன் தனியாகப் போகவில்லை. லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போனவர் ஏழுமலை.