என் அண்ணனுக்குக் காய்ச்சல் வரவில்லை

எங்கள் கரடியோடைப் பக்கத்தில் டெல்ஃபியாவுக்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவன் என் அண்ணன் ஆஸ்பரி, அவளைக் கட்டியவன். இன்னொருவன் அவளுடைய அண்ணன் லியாண்டர். மற்ற எல்லாரும், பாதிரியார் உட்பட, அவள் வருவதைப் பார்த்தால் வேலியோரமாக ஒதுங்கிக்கொள்வார்கள். ஆள் குள்ளம். ஏர் பிடித்தால் கைப்பிடி நெஞ்சுக்கு வரும். மூக்குப்பொடியை ஈறில் அடக்கிக்கொண்டு, கோவேறு கழுதையை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு, ஆம்பளைகளைவிட நேராக உழுவாள். தேவாலயத்தில் பாடினால் மட்டும் சுருதி சேராது. அதை அவளிடம் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது.

நான் கல்யாணமான வேகத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டில் வந்து ஒண்டியவள். டெல்ஃபியா முகம் சுளிக்காமல் எனக்கு ஒரு கட்டிலும் ஒரு மண்வெட்டியும் கொடுத்தாள். அவளைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சரியாகச் சொல்லப் போவதில்லை.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்றில் அமெரிக்காவின் வடக்குக்கும் தெற்குக்கும் சண்டை வந்தது. எங்கள் மலைப்பக்கத்தில் அடிமை வைத்திருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆற்றங்கரைப் பருத்திக்காரர்களுக்குத்தான் அந்தச் சண்டை வேண்டியிருந்தது. அதற்காக நாங்கள் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. அடிமைகளை விட்டுவிட வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. அவர்கள் பாடு அவர்களோடு என்று இருந்துவிட்டோம். தெற்குப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தவன் பன்னிரண்டு மாதம்தான் என்றான். லியாண்டர் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டான். மச்சான் போகும்போது நான் சும்மா இருப்பதா என்று ஆஸ்பரியும் போட்டான்.

அந்தப் பன்னிரண்டு மாதம் முடிய நாலு வாரம் இருக்கையில் சட்டத்தை மாற்றினார்கள். பன்னிரண்டு மாதம் மூன்று வருஷம் ஆயிற்று. ஷைலோ சண்டையில் எங்கள் ஊர்ப் பையன்கள் இருந்த கம்பெனியில் பாதிப் பேரை மண்ணில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் போய் இதைச் சொன்னார்கள். கூடவே வாயில் ஒரு மிட்டாயும் போட்டார்கள்: கேப்டனை நீங்களே மறுபடி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் தேர்தலைப் பற்றி ஆஸ்பரியே எங்களிடம் சொன்னான். சொல்லும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை அவனுக்கு. பழைய கேப்டன் ஈதரிட்ஜ், பள்ளிக்கூட வாத்தியார், கண்டிப்பான மனுஷன், எழுந்து நின்று, "என்னால யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது, அந்த அதிகாரம் கேப்டனுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் லியாண்டர் ஏறினான். வாய்ப்பந்தல் போடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

"விதைக்கிற காலம் போயிட்டிருக்கு. வீட்ல பொம்பளைங்க ஏர் பிடிக்கிறாங்க. எனக்கு ஓட்டுப் போடுங்க, முறை வெச்சு ஒவ்வொருத்தரா வீட்டுக்கு அனுப்பறேன். காகிதம் வேண்டாம், கத்திரிக்காய் வேண்டாம். என் வார்த்தை போதும்" என்றானாம்.

வேண்டியவர் பின்னால் போய் நிற்பதுதான் ஓட்டு. ஈதரிட்ஜ் பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். லியாண்டர் பின்னால் கம்பெனியே நின்றது. ஆஸ்பரி கூடாரம் கூடாரமாகப் போய் மச்சானுக்கு ஓட்டுக் கேட்டிருக்கிறான். அதற்குக் கூலியாக முதல் முறை அவனுக்கே கிடைத்தது.

மே மாதம் வந்து சேர்ந்தான். டெல்ஃபியா அவனைத் திட்டிக்கொண்டே குளிக்க வெந்நீர் வைத்தாள், திட்டிக்கொண்டே சட்டையைப் பேன் பார்த்துக் கொதிக்க வைத்தாள். வில்பர்ன் அப்போது கைக்குழந்தை. அப்பனின் தாடியைப் பார்த்து அலறினான். மறுநாளே மூன்று பேரும் மக்காச்சோளம் ஊன்ற இறங்கினோம். தேர்தலில் தோற்ற கேப்டன் வீட்டுக்குப் போகலாம் என்று சட்டம் இருந்ததால் ஈதரிட்ஜும் அந்த வழியாகக் குதிரையில் வந்தார். வேலியருகே நிறுத்தினார்.

"டிட்வெல், விடுப்புக் காகிதம் இருக்கா?"

"எதுக்கு சார் காகிதம்? கேப்டன் என் மச்சான்."

அவர் தொப்பியை எடுத்து டெல்ஃபியாவுக்கு மரியாதை செய்துவிட்டுப் போனார். தோற்ற ஆத்திரம் என்று நாங்கள் மூவரும் சிரித்தோம்.

பயிர் முழங்காலுக்கு வந்ததும் ஆஸ்பரி துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். யாரும் வந்து பிடித்துக்கொண்டு போகவில்லை. தானாகப் போனான். ஓடிப்போனவன் எவனாவது திரும்பி நடந்து முகாமுக்குள் போவானா?

அதற்குள் பட்டாளம் பின்வாங்கி டூப்பிலோவுக்கு வந்திருந்தது. ஜெனரல் மாறியிருந்தார். புதியவர் வந்த கையோடு தலைகளை எண்ணச் சொன்னார். உத்தரவில்லாமல் விடுப்புக் கொடுத்த கேப்டன்களின் பதவிப் பட்டியைப் பிடுங்கப் போவதாகச் சொன்னார். லியாண்டர் என்ன செய்தான் என்றால், ஆஸ்பரி பெயருக்கு நேராக 'ஓடிப்போனவன்' என்று போட்டுவிட்டான். ஆஸ்பரி சிரித்த முகத்தோடு முகாமுக்குள் நுழைந்த அன்றே விலங்கு மாட்டினார்கள். விசாரணையில் கேப்டனை மட்டும் கேட்டார்கள். நான் அனுப்பவில்லை என்றான் கேப்டன். ஓடிப்போனவனுக்குச் சாவு என்று தீர்ப்பாயிற்று.

கையொடிந்து ஊர் திரும்பிய ஒருவன் எங்கள் வேலியருகே நின்று இதைச் சொன்னான். டெல்ஃபியா ஏரை அவிழ்த்து அதே கழுதையை வண்டியில் பூட்டினாள். குழந்தையை நான் தூக்கிக்கொண்டேன். வடக்கத்திச் சிப்பாய்கள் நடமாடும் பாதைகளை விட்டுக் காட்டு வழியாகப் போய்ச் சேர்ந்தோம். டூப்பிலோவில் அந்தக் கோடையில் ஓடைகள் வற்றிப்போய்க் கிடந்தன. முகாம் முழுக்க நாற்றம்.

லியாண்டர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"அண்ணா, நீதானே அவரை அனுப்பினே?" என்றாள் டெல்ஃபியா.

"மெதுவாப் பேசு டெல்ஃபி."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அனுப்பினேன். இல்லேன்னு உன்கிட்ட சொல்வேனா? இப்ப வந்திருக்கிற ஜெனரல் வேற மாதிரி. நான் ஒத்துக்கிட்டா என் பட்டியைப் பிடுங்கி என்னையும் உள்ள தள்ளுவாரு."

"தள்ளட்டும். நீ உள்ள போனா என்னிக்காவது வெளிய வருவே. அவரு வர முடியுமா?"

லியாண்டர் குழந்தையின் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினான். பிறகு, "சரி. நாளைக்குக் காலையில கர்னல்கிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிடறேன். போதுமா?" என்றான்.

"சத்தியமா?"

"அம்மா மேல சத்தியம். நீ மொதல்ல சாப்பிடு. ஒரு வாரமா தின்னாதவ மாதிரி இருக்கே."

பன்றிக்கறி பொரித்துக் கொடுத்தான். சண்டைக் காலத்தில் யாருக்கும் கிடைக்காத நிஜக் காப்பிக்கொட்டை கூட எங்கிருந்தோ கொண்டுவந்தான். நான் குடித்தேன். டெல்ஃபியா தொடவில்லை. சத்தியம் செய்துவிட்டான் என்றாலும் ஒன்றுக்கு இரண்டாகச் சாட்சி இருக்கட்டும் என்று கம்பெனி ஆட்களைத் தேடிப் போனாள். எல்லாரும் எங்கள் பக்கத்துக்காரர்கள். லியாண்டரின் பேச்சைக் காதால் கேட்டவர்கள். எங்கள் தேவாலயத்தில் எங்களுக்கு முன்வரிசையில் உட்காரும் ஜெத்ரோவைப் பிடித்தாள்.

"எங்களை யாரும் கேட்கலையே டெல்ஃபியா" என்றான் அவன்.

"கேட்டா சொல்லுவியா?"

அவன் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். மற்றவர்களும் அப்படித்தான். ஒவ்வொருவனுக்கும் தன் முறை வரும், தான் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அப்போதும் ஒரு நப்பாசை. கேப்டனைப் பகைத்துக்கொள்ள எவனுக்கும் மனமில்லை.

காவல்காரன் இரக்கப்பட்டு ஆஸ்பரியைப் பார்க்க விட்டான். மெலிந்திருந்தான். ஆனால் பயந்தவனாக இல்லை. "கரையோரப் பாத்திக்குக் களை எடுத்தாச்சா?" என்றுதான் முதலில் கேட்டான். அண்ணன் காலையில் சொல்லிவிடுவான் என்று டெல்ஃபியா சொன்னதும் தலையாட்டினான்.

"எனக்குத் தெரியும். மச்சான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். கெட்டவன் இல்ல."

சுடுவதற்கான உத்தரவு அன்று மதியமே லியாண்டர் கைக்கு வந்துவிட்டது என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு 'நாளைக்குக் காலையில' என்று அவன் சொன்னபோது, நாளைக் காலையில் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். அழுது ஊரைக் கூட்டாமல் எங்களை உட்காரவைக்க ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, சொன்னான். நான் அவன் கொடுத்த காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

காலையில் முரசு அடித்தது. பட்டாளத்தை மூன்று பக்கமாக நிறுத்தினார்கள். நாலாவது பக்கத்தில் சவப்பெட்டி, அதன் மேல் என் அண்ணன். எங்களை வண்டிகளுக்கு அந்தப் பக்கம் தடுத்து வைத்தார்கள், ஆனால் எல்லாம் தெரிந்தது. துப்பாக்கிக்காரர்களை எங்கள் கம்பெனியிலிருந்தே பொறுக்கியிருந்தார்கள். ஜெத்ரோ வலது ஓரத்தில் நின்றான். லியாண்டர் உருவிய கத்தியோடு பக்கத்தில். ஆஸ்பரி கடைசிவரை மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தான், இதோ இப்போது சொல்லப் போகிறான் என்பது போல. சத்தம் கேட்டதும் குழந்தை என் தோளில் விழித்துக்கொண்டது.

டெல்ஃபியா அழவில்லை. ஊர் திரும்பியதும் நேராகப் போய்க் கரையோரப் பாத்திக்குக் களை எடுத்தாள்.

சண்டை முடிந்து லியாண்டர் நொண்டிக்கொண்டு வந்தான். மாவு மூட்டை அனுப்பினான், டெல்ஃபியா அதைப் பன்றிகளுக்குக் கொட்டினாள். வில்பர்னுக்கு விவரம் தெரிந்ததும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் ரத்தம் எந்தப் பக்கம் இழுக்கிறது பாருங்கள். பையனுக்கு மாமனின் நாக்கு அப்படியே வந்திருந்தது. அவளுக்குத் தெரியாமல் மாமன் வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்தான்.

முப்பது வருஷம் கழித்து, லியாண்டர் கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் வேலியருகே வந்து நின்றான். பழைய சிப்பாய்கள் கூடும் ஆண்டுக் கூட்டத்தில் கம்பெனியின் சரித்திரத்தை வாசிக்க அவனைத்தான் எழுதச் சொல்லியிருந்தார்கள்.

"உள்ளதை உள்ளபடி எழுதப் போறேன் டெல்ஃபி. நான்தான் அனுப்பினேன்னு எல்லார் முன்னாடியும் வாசிச்சுட்டுச் சாகறேன்."

அவள் உள்ளே போய் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து வேலிக்கு மேலாக நீட்டினாள். முப்பது வருஷத்தில் அவனுக்கு அவள் கொடுத்தது அதுதான்.

கூட்டம் தேவாலயத்துப் பந்தலில். பன்றியைக் குழியில் வாட்டும் வாசனை ஊரையே தூக்கியது. டெல்ஃபியா கறுப்புப் பட்டு உடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வில்பர்ன் அந்த வருஷம் ஜில்லாவின் வரி வசூல் பதவிக்கு நின்றிருந்தான். எல்லார் கையையும் குலுக்கிக்கொண்டு திரிந்தான். லியாண்டர் எழுந்து வாசித்தான். நல்ல குரல், அது மட்டும் கெடவில்லை. ஒவ்வொரு பெயராக வந்தது.

"ஆஸ்பரி டிட்வெல். நல்ல சிப்பாய். டூப்பிலோ முகாமில் காய்ச்சலில் இறந்தான்."

அடுத்த பெயருக்குப் போய்விட்டான். டெல்ஃபியா எழுந்தாள்.

"என்ன காய்ச்சல், அண்ணா?"

லியாண்டர் தலையைத் தூக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஜெத்ரோதான் பேசினான், ரொம்பப் பரிவாக.

"அந்த வருஷம் அங்க காய்ச்சல் ஜாஸ்தி, டெல்ஃபியா. தண்ணி சரியில்ல. எத்தனையோ பேர் போனாங்க."

"ஆமாமா, டைபாய்டு" என்றான் இன்னொருவன்.

"நீ சுட்டே ஜெத்ரோ. வலது ஓரத்துல நின்னே. நான் பார்த்தேன்."

ஜெத்ரோ பாவம் என்பது போலத் தலையசைத்தான். கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் வில்பர்ன் ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்தான். "அம்மாவுக்கு வெயில் ஒத்துக்கல. மன்னிச்சுக்குங்க. மாமா, நீங்க வாசிங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவளை வெளியே நடத்திக்கொண்டு வந்தான். லியாண்டரைக் கடக்கும்போது அவன் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது.

"நான் எழுதித்தான் வெச்சிருந்தேன் டெல்ஃபி. உன் பையன்தான் வேண்டாம்னான்."

வண்டியருகே வந்ததும் நான் வில்பர்னை மடக்கினேன். "உங்கப்பன் ஓடிப்போகலைன்னு ஊரறியச் சொல்ல வந்தவன் வாயை நீயாடா அடைச்சே?"

"அத்தை, ஓடிப்போனாரா போகலையான்னு யாரு ஞாபகம் வெச்சுக்குவா? சுட்டாங்கங்கறதுதான் மனசுல நிக்கும். அப்படிப்பட்டவர் பையனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்? காய்ச்சல்னா கேள்வியே இல்ல."

அவன் அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் அவளை ஏற்றிவிட்டு, கால் மறைக்கப் போர்வையைச் சொருகிவிட்டு, பந்தலுக்குத் திரும்பிப் போனான். தேர்தலில் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தான்.

நான் வண்டியை ஓட்டினேன். ஓடைப் பாலம் தாண்டினோம். டெல்ஃபியா என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் நான் அதுவரை பார்க்காத ஒரு பயம் இருந்தது.

"ஓர்லீனா, நீயும் அங்கே இருந்தே இல்ல?"

"இருந்தேன் அண்ணி."

"அவரைச் சுட்டாங்கதானே?"

"சுட்டாங்க."

"நான் நினைச்சுக்கிட்டதா அது? காய்ச்சல் இல்லையே?"

"காய்ச்சல் இல்ல அண்ணி. சுட்டாங்க. நான் பார்த்தேன்."

சரி என்றாள். வீடு வருவதற்குள் இன்னும் இரண்டு தடவை கேட்டாள்.